வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரேம் கூட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பா வீட்டில் 2012-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐ3-2120 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. “டேய், ரேம் போட்டா இது இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமாடா?” என்று அவர் கேட்டார். அதைச் சரிசெய்து கொடுத்த பிறகு அவருடைய நண்பர்கள், பக்கத்து வீட்டார், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே பதிலைப் பத்து முறை சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. ரேம் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். காசு கொடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரேம் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி நிற்கும் இடத்தில் கை நீட்டினால் எடுக்கும்படி ஓர் அலமாரி இருக்கிறது. பின்பக்கம் குடோன். அடிக்கடி விற்கும் சரக்கு அலமாரியில் இருந்தால் வேலை மளமளவென்று நடக்கும். அலமாரி நிறைந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் கடைப் பையன் குடோனுக்கு ஓட வேண்டும். அண்ணாச்சிதான் பிராசஸர், அலமாரி ரேம், குடோன் ஹார்டு டிஸ்க். ரேம் போதாதபோது விண்டோஸ் தன் சரக்கில் ஒரு பகுதியை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. திரை உறைந்து நின்று, மவுஸ் மட்டும் நகர்கிறதே, பெரும்பாலும் பையன் குடோனுக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

ரேம் கூட்டுவது அலமாரியைப் பெரிதாக்குவது. ஆனால் பல பழைய கம்ப்யூட்டர்களில் உண்மையான கோளாறு வேறு: பையன் நடக்கிற வேகம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லால் ஆன டிஸ்க்) போடுவது அவனுக்கு பைக் வாங்கிக் கொடுப்பது போல. சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்குச் சுமார் 100 முதல் 150 எம்பி தரும். சிறு சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகத் தேடச் சொன்னால் 1 எம்பி கூடத் தேறாது. விண்டோஸ் தொடங்கும்போது செய்கிற வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பி வரை தரும். தேடும் வேலையில் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாக என்னென்ன திறந்து வைப்பீர்களோ அதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு மெமரி, டிஸ்க் என்ற இரண்டு பத்திகளையும் பாருங்கள். மெமரி எப்போதும் 85 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை. மெமரி 50, 60-ல் இருக்கும்போதே டிஸ்க் 100-ல் நின்றால் ரேம் வாங்கிப் பயனில்லை, எஸ்எஸ்டி வாங்குங்கள். பிராசஸர் 100-ல் நின்றால் இரண்டுமே உதவாது.

சித்தப்பா கம்ப்யூட்டரில் ஆன் செய்தவுடன் மெமரி 52, டிஸ்க் 100. குரோமில் ஏழெட்டு டேப் திறந்ததும் மெமரி 90-ஐத் தாண்டியது. ஆக, இரண்டுமே தேவைதான். ஆனால் முதலில் எஸ்எஸ்டி மாட்டினேன், ஒரு வாரம் கழித்துத்தான் ரேம். எஸ்எஸ்டி மாட்டிய அன்றே அவர் “போதும்டா” என்றுவிட்டார்.

மெமரியும் ஸ்டோரேஜும் ஒன்றுதானே? என் கம்ப்யூட்டரில் 500 ஜிபி மெமரி இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாரே?

அவர் சொன்னது ஹார்டு டிஸ்க். போன் வந்த பிறகு, மெமரி கார்டு வந்த பிறகு, இந்தக் குழப்பம் கூடிவிட்டது. ‘மெமரி ஃபுல்’ என்று போன் சொல்வது பெரும்பாலும் ஸ்டோரேஜைத்தான். கம்ப்யூட்டரில் மெமரி என்றால் ரேம். கரண்ட் போனால் அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் சேவ் செய்யாத கடிதம் காணாமல் போகிறது. ஹார்டு டிஸ்க்கிலும் எஸ்எஸ்டியிலும் இருப்பது அப்படியே இருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ரேம் மட்டும் எங்கேயும் 1024 கணக்குத்தான்.

என் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று திறக்காமலே பார்க்க முடியுமா?

முடியும். அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைத் தட்டுங்கள். மொத்த ரேம், அதன் வேகம், எத்தனை ஸ்லாட்டில் (ரேமை மாட்டும் இடம்) எத்தனை நிறைந்திருக்கிறது எல்லாம் அங்கே இருக்கும். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 2-ல் 1’ என்ற பொருளில் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஒன்று காலி. ஆனால் இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சில லேப்டாப்களில் போர்டிலேயே பற்றவைத்த ரேமையும் ஒரு ஸ்லாட்டாக எண்ணிக் காட்டும்.

இன்னும் விவரம் வேண்டுமென்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் மெமரி பக்கம் உங்கள் ரேம் டிடிஆர் வகையில் எந்தத் தலைமுறை என்று சொல்லும். எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருக்கும் ஸ்டிக்கின் (ரேம் பலகையின்) கம்பெனி, பகுதி எண் வரை கிடைக்கும். மெயின்போர்டு பக்கத்தில் மதர்போர்டின் மாடல். இந்த மூன்று பக்கங்களையும் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

நம் ஊரில் பெட்டியையே சிபியு என்கிறோம். சிபியு என்பது உண்மையில் உள்ளே இருக்கும் பிராசஸர் மட்டும்தான். ‘சிபியு ரிப்பேர்’ என்று கடையில் சொன்னால் அவர்களுக்குப் புரியும், கவலை வேண்டாம். ஆனால் ஆன்லைனில் ‘சிபியு’ என்று தேடி வாங்கினால் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சில்லு வீட்டுக்கு வரும்.

ஐ5 இருக்கிறது, அப்புறம் ஏன் ஸ்லோ?

ஐ5 என்பது ஒரு பெயர்ப்பலகை. அதன் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. இரண்டிலும் நான்கு கோர்தான் (கணக்குப் போடும் பகுதிகள்), ஆனால் அந்த ஐ3 இந்த ஐ5-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நான்கு இலக்கம் இருந்தால் பெரும்பாலும் முதல் இலக்கம் தலைமுறை, ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு. 2023 கடைசியில் இன்டெல் ‘கோர் அல்ட்ரா’ என்று புதுப்பெயர் வைக்க ஆரம்பித்து, ‘ஐ’ என்ற எழுத்தையே கழற்றிவிட்டது.

வாலில் வரும் எழுத்தையும் பாருங்கள். டெஸ்க்டாப்பில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. விலை குறைகிறதே என்று எஃப் பிராசஸர் வாங்கிவிட்டு, ரேம் கோளாறு என்று ஒரு வாரம் தேடியவரை எனக்குத் தெரியும். லேப்டாப்பில் ‘யு’ என்றால் மின்சாரம் சேமிக்கும் வகை, ‘எச்’ என்றால் வேகத்துக்கான வகை.

ரேம் வாங்குவதற்கும் இந்தத் தலைமுறை எண்ணுக்கும் தொடர்பு உண்டு. எந்த டிடிஆர் போடலாம் என்பதைப் பிராசஸரும் மதர்போர்டும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

அந்த டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 எல்லாம் என்ன? எது கிடைத்தாலும் போடலாமா?

கூடாது. மூன்றும் ரேமின் மூன்று தலைமுறைகள்; ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரவே உட்காராது. ஸ்டிக்கின் தங்க நிற விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்த வெட்டு வெவ்வேறு இடத்தில். டெஸ்க்டாப் டிடிஆர்3-க்கு 240 பின்கள், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் பின்னவை இரண்டின் வெட்டு வேறு. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள்; தப்பான ரேம், அல்லது திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள்.

மின்னழுத்தமும் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கியிருக்கிறது: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. இடையில் டிடிஆர்3எல் என்று ஒன்று, 1.35 வோல்ட். இது 1.5-லும் ஓடும், ஆனால் எல்லா 1.5 வோல்ட் ஸ்டிக்கும் 1.35-ல் ஓடாது. இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்பில் டிடிஆர்3எல் தான் போட வேண்டும். அந்த ஒரு ‘எல்’ எழுத்தை விட்டுவிட்டு வாங்கி வந்து முழிப்பவர்கள் நிறைய.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: இன்டெல் இரண்டிலிருந்து நான்காம் தலைமுறை வரை டிடிஆர்3. ஆறிலிருந்து பதினொன்று வரை பெரும்பாலும் டிடிஆர்4. பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து பதினான்கு வரை மதர்போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5, ஆகவே போர்டின் மாடலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஏஎம்டி பிராசஸர் பக்கம் ஏஎம்4 போர்டு என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்.

எத்தனை ஜிபி போட்டால் போதும்?

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாப்ட் எழுதி வைத்திருக்கிறது. 4 ஜிபியில் அது ஆன் ஆகும், அவ்வளவுதான். வீட்டு உபயோகத்துக்கு 8 ஜிபி என்பது கீழ் எல்லை: பிரவுசர், யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் எக்செல். 16 இருந்தால் எதையும் மூடாமலே உட்காரலாம். இன்று புதிதாக வாங்குபவருக்கு நான் 16 தான் சொல்வேன். போட்டோஷாப்பில் திருமண ஆல்பம் செய்பவர், வீடியோ எடிட் செய்பவர், விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர், இவர்களுக்கு 32.

4-லிருந்து 8-க்குப் போகும்போது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம், 16-லிருந்து 32-க்குப் போகும்போது பெரும்பாலான வீடுகளில் தெரியாது. அலமாரியில் ஏற்கெனவே பாதி காலியாக இருந்தால், இன்னொரு அலமாரி வாங்கி என்ன விற்பது?

ரேம் 70 சதவீதம் நிறைந்திருக்கிறது. ‘ரேம் கிளீனர்’ போட்டுக் காலி செய்யலாமா?

வேண்டாம். காலியாக இருக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை என்று தெரிந்துதான் விண்டோஸ் அடிக்கடி தேவைப்படுவதை முன்கூட்டியே அதில் கொண்டுவந்து வைக்கிறது. வேறு புரோகிராமுக்கு இடம் தேவைப்பட்டால் தானே விட்டுக்கொடுக்கும். கிளீனர் அதையெல்லாம் வெளியே தள்ளும், அடுத்த நிமிடம் விண்டோஸ் மறுபடி டிஸ்க்கிலிருந்து எடுத்துவரும்.

ஸ்டிக்கரில் 3200, 25600 என்றெல்லாம் இருக்கிறது. எது வேகம்?

இரண்டும் ஒன்றையே வேறு விதமாகச் சொல்கின்றன. டிடிஆர்4-3200 என்றால் நொடிக்கு 3200 மில்லியன் முறை தரவு மாற்றம். ஒவ்வொரு முறையும் 8 பைட். 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் 25600, அதாவது நொடிக்கு 25,600 எம்பி. அதனால்தான் பிசி4-25600. அதே கணக்கில் பிசி3-12800 என்றால் டிடிஆர்3-1600.

கடையில் எல்லோரும் ‘3200 மெகாஹெர்ட்ஸ்’ என்கிறார்கள். சரியாகப் பார்த்தால் உள்ளே ஓடும் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் 3200. ஆகவே சிபியு-இசட் 1600 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

வேகமான ரேம் வாங்கினால் அந்த வேகத்தில் ஓடும் என்பதும் நிச்சயமில்லை. சித்தப்பாவின் ஐ3-2120 அதிகபட்சம் 1333-ஐத்தான் ஏற்கும். நான் போட்டது 1600 ஸ்டிக், அது பேசாமல் 1333-ல் ஓடுகிறது. கெடுதல் ஒன்றுமில்லை. புதிய போர்டுகளில் நேர் எதிர் நிலைமை: 3600 வாங்கிப் போட்டிருப்பார்கள், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி என்ற முழு வேக அமைப்பை ஆன் செய்யாததால் 2133-லோ 2400-லோ வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஏஎம்டி டிடிஆர்5 போர்டுகளில் அதன் பெயர் எக்ஸ்போ.

என் மதர்போர்டு எவ்வளவு ரேம் வரை தாங்கும்?

மாடல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் தேடிப் பாருங்கள், அதுதான் கடைசித் தீர்ப்பு. நம் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சில பழைய சிப்செட்களைப் (மதர்போர்டின் முக்கியச் சில்லு) பற்றி மட்டும் சொல்கிறேன். எச்61, எச்81 இரண்டிலும் இரண்டே ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 8 ஆக மொத்தம் 16 ஜிபி.

அதற்கும் முந்தைய ஜி41 போர்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதிகபட்சம் 8 ஜிபி, போர்டைப் பொறுத்து அதற்கும் குறைவு. 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் போடும்போது இரு பக்கமும் எட்டு எட்டாகப் பதினாறு சில்லு இருக்கும் பழைய வகைதான் அதற்குப் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சில்லு உள்ள புதிய 4 ஜிபியைப் போட்டால் ஆன் ஆகாது. ஜி41-க்கு இன்று காசு செலவு செய்ய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

போர்டு ஏற்றாலும் விண்டோஸ் ஏற்க வேண்டும். 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது, அந்த 4-லும் 3.2 முதல் 3.5 வரைதான் பயன்படும். பழைய கம்ப்யூட்டரில் யாரோ ஃபார்மட் அடிக்கும்போது 32-பிட் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். முதலில் 64-பிட் மாற்றுங்கள், அப்புறம் ரேம். விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 64-பிட்டுக்கும் 8 ஜிபிதான் எல்லை என்பது பலருக்குத் தெரியாது.

ஒரே 8 ஜிபி வாங்குவதா, இரண்டு 4 ஜிபியா?

இரண்டாகப் போட்டால் பிராசஸர் இரண்டு வழியாக ஒரே நேரத்தில் தரவு எடுக்கும். இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். டிடிஆர்4-3200-ல் ஒரு வழிக்கு நொடிக்கு 25.6 ஜிபி என்றால் இரண்டு வழியாக 51.2. வேர்டு, பிரவுசரில் இது பெரிதாகத் தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடுகிற வீடுகளில் நன்றாகத் தெரியும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமையே கடன் வாங்குகிறது.

ஆனால் இரண்டே ஸ்லாட் இருக்கிற போர்டில் இன்று 4+4 போட்டு நிறைத்துவிட்டால், நாளை கூட்டும்போது இரண்டையும் கழற்ற வேண்டும். நான் பெரும்பாலும் ஒரு 8 வாங்கி, ஏற்கெனவே இருக்கும் 4-உடன் சேர்த்து மாட்டச் சொல்வேன். 12 ஜிபி என்றால் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் ஓடும். இன்டெல் போர்டுகளில் முதல் 4+4 டூயல் சேனலில் ஓடும், மிச்சம் 4 ஒற்றை வழியில்.

நான்கு ஸ்லாட் இருந்தால் இரண்டு ஸ்டிக்கைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அதுதான் முறை. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒரே வழியில் இரண்டும் நிற்கும்.

வேறு வேறு கம்பெனி ரேமைச் சேர்த்துப் போடலாமா?

ஒரே தலைமுறையாக இருந்தால் போடலாம். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். ஜோடி சேராமல் அடம் பிடிப்பது எப்போதாவது நடக்கும். அதனால் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் 8 ஜிபி ரேம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

இதில் நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் 8 ஜிபி டிடிஆர்3 இரண்டு, நம்ப முடியாத விலையில் ஆன்லைனில் கிடைத்தது. வந்தது, மாட்டினேன், ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது, திரையில் எதுவும் வரவில்லை. நான்கு கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில்தான் ஸ்டிக்கரைச் சரியாகப் படித்தேன்: பிசி3-10600ஆர்.

அந்த ‘ஆர்’ என்றால் ரெஜிஸ்டர்டு, சர்வர்களுக்கான ரேம். சர்வர்களைக் கழித்துக்கட்டும்போது மூட்டை மூட்டையாக வெளியே வருகிறது, அதனால்தான் மலிவு. டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் அது வீட்டு மதர்போர்டின் ஸ்லாட்டில் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. வீட்டு டெஸ்க்டாப்புக்கு வேண்டியது ‘யு’ என்று முடிவது. லேப்டாப்புக்கு ‘எஸ்’. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சில்லுகளை எண்ணுங்கள்: பிழை திருத்தும் சர்வர் ரேமில் ஒன்பது ஒன்பதாக இருக்கும், பெரும்பாலும் நடுவில் தனியாக ஒரு சில்லும் தெரியும். வீட்டு ரேமில் பொதுவாக எட்டு அல்லது பதினாறு.

இன்னொரு வகை, ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று சின்னதாக எழுதியிருக்கும் டிடிஆர்2, டிடிஆர்3. இன்டெல் போர்டில் அது எழுந்திருக்காது. விற்பவர் பக்கத்தில் அந்த வரி எங்காவது கடைசியில் ஒளிந்திருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை. ரேமில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, தேய்ந்துபோக ஒன்றுமில்லை. டிடிஆர்3-க்குப் பெரும்பாலும் அதுதான் வழி. சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் வாங்கினால் உங்கள் கண் முன்னால் ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிக் காட்டத் தயங்குகிற கடையிலிருந்து நகர்ந்துவிடுங்கள்.

ரேம் விலை ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது?

உலகத்தின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகள் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்தது. 2025-ன் கடைசி மாதங்களில் வீட்டு ரேம் விலை மளமளவென்று ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், நம் ஊரிலும் நன்றாகத் தெரிந்த தன் குரூஷியல் பிராண்டில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்பதை நிறுத்தப்போவதாகவே அறிவித்தது. ‘விலை குறையட்டும், அப்புறம் 32 போடலாம்’ என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

நானே மாட்டலாமா? ஷாக் அடிக்குமா?

தாராளமாக மாட்டலாம். உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரிக்காத வரைக்கும் ஷாக் அடிக்க வாய்ப்பில்லை.

முதலில் ஷட் டவுன். ஸ்லீப் இல்லை, ஷட் டவுன். பின்னால் பவர் ஒயரை உருவிவிடுங்கள். யுபிஎஸ் அல்லது இன்வர்ட்டரில் இருந்தால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நம்ப வேண்டாம், ஒயரையே எடுத்துவிடுங்கள். பிறகு ஆன் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும்.

பெட்டியைப் படுக்க வைத்து, பின்பக்கத்து இரண்டு ஸ்குரூக்களைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டை நகர்த்துங்கள். உள்ளே தூசி இருக்கும். பல்லி முட்டை கூட இருக்கலாம், எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். ரேமைத் தொடுவதற்கு முன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் நமக்கு உறைக்காத அளவில் இருந்தாலே சில்லுக்குப் போதும்.

ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளுங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் அசையும். ஸ்டிக்கை ஓரங்களில் பிடித்து, வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வருகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம் தேவைப்படும். ‘டக்’ என்று கிளிப் தானாக மூடும். மூடவில்லை என்றால் உட்காரவில்லை. புதியவர்கள் செய்கிற தவறு பெரும்பாலும் இங்கேதான்: போர்டு வளைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மூடியைப் போடுவதற்கு முன்பே ஆன் செய்து பாருங்கள். ஸ்குரூவெல்லாம் மாட்டிய பிறகு டிஸ்ப்ளே வராவிட்டால் வரும் கோபம் தனி.

மாட்டினேன், டிஸ்ப்ளே வரவில்லை, பீப் பீப் என்கிறது. போச்சா?

பத்தில் எட்டு முறை எதுவும் போகவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள். அப்புறம் புதியதை மட்டும், பழையதை மட்டும், ஸ்லாட் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்; குற்றவாளி ஸ்டிக்கா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும்.

தங்க விளிம்பை அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் பிரம்மாஸ்திரம். கேலி செய்ய வேண்டாம், பழைய ஸ்டிக்கில் அது நிஜமாகவே வேலை செய்யும். உப்புக்காற்று, ஈரப்பதம் உள்ள ஊர்களில் பின் கறுத்துப்போகிறது. பென்சில் ரப்பரால் மெதுவாக நாலைந்து முறை, பிறகு காய்ந்த பருத்தித் துணியால் துகளைத் துடையுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடாது. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது.

புது டிடிஆர்5 கம்ப்யூட்டர் என்றால் வேறு கதை. ரேம் மாற்றியதும் முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள், போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

ஆன் ஆகிறது, ஆனால் நடு நடுவே நீலத்திரை வருகிறது என்றால் ஸ்டிக்கில் கோளாறு இருக்கலாம். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. இன்னும் கறாராகச் சோதிக்க மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் வாரண்டிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

8 ஜிபி போட்டேன், 7.87 தான் பயன்படும் என்று காட்டுகிறது.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. சரியாகத்தான் இருக்கிறது. ஏஎம்டியில் 1, 2 ஜிபி வரை கூடப் போகலாம், பயாஸில் குறைக்க முடியும்.

லேப்டாப்பிலும் இப்படிக் கூட்டலாமா?

மாடலைப் பொறுத்தது. லேப்டாப்புக்கான ஸ்டிக் சின்னது: டிடிஆர்3-ல் 204 பின், டிடிஆர்4-ல் 260, டிடிஆர்5-ல் 262. விவரக்குறிப்பில் எல்பிடிடிஆர் என்று எழுதியிருந்தால் அநேகமாக எல்லா மாடலிலும் ரேம் போர்டில் பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. ஆப்பிளின் எம்1 முதற்கொண்டு வந்த மேக்புக்குகள் எல்லாமே அப்படித்தான். வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும்.

2011-லிருந்து தமிழக அரசு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. பெரும்பாலும் 2 அல்லது 4 ஜிபி. பின்மூடியைத் திறந்து ஸ்லாட் இருந்தால், எஸ்எஸ்டியும் ரேமும் மாற்றி ஒரு லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இலவச சிஸ்டம்) போட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் டைப்பிங் பழகவும் படம் பார்க்கவும் தாராளம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் அதைத் தொடாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கு இன்னும் செலவு செய்யலாமா, புதிது வாங்கிவிடலாமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். டிடிஆர்3 கம்ப்யூட்டர்கள் அநேகமாக எல்லாமே இந்தக் கோட்டுக்குக் கீழே. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் தயங்காமல் 16 ஜிபி ஆக்குங்கள், நல்ல உழைப்பு கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் ஒரு செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி ஸ்டிக், ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதற்கு மேல் போகாதீர்கள். பேங்க் வேலைக்கு அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். சித்தப்பாவுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விண்டோஸ் இல்லை என்று அவருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் பிரிண்டர் மாட்டும்போது.

கழற்றிய பழைய ரேமை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். புது ஸ்டிக் வந்த பிளாஸ்டிக் உறை இருக்குமே, அதிலேயே வைத்து, எத்தனை ஜிபி, எந்த டிடிஆர் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மேசை டிராயரில் போடுங்கள். டிஸ்ப்ளே வராத ஒரு நாளில், கோளாறு ரேமிலா வேறெங்குமா என்று பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. என் டிராயரில் இப்போது பதினோரு ஸ்டிக் இருக்கிறது. அந்த இரண்டு சர்வர் ரேமும் அதில் அடக்கம்.